உங்கள் எம்.எல்.ஏ. ஐந்து வருடம் என்ன செய்தார்? காகிதத்தில் தேடிப் பிடிக்கும் வழி

எங்கள் தெருமுனையில் ஒரு நிழற்குடை இருக்கிறது. கூரையைவிடப் பெயர்ப்பலகை பெரிது. மழைக்கு ஒதுங்கினால் முதுகு நனையும், ஆனால் யாருடைய தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டினார்கள் என்பது எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். தேர்தல் நெருங்கும்போது டீக்கடையில் "நம்ம எம்.எல்.ஏ. என்னதான் பண்ணினாரு?" என்று பேச்சு கிளம்பும். ஒருவர் அந்த நிழற்குடையைக் காட்டுவார், இன்னொருவர் "எங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சும் வரல" என்பார். அதோடு கணக்கு முடிந்துவிடும்.

எனக்கு இந்த இரண்டு அளவுகோலும் பிடிக்காது. போன தடவை ஒரு இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, எங்கள் தொகுதிக்காரர் என்ன செய்தார் என்று காகிதம் காகிதமாகத் தேடினேன். நினைத்ததைவிட எளிது, ஆனால் எங்கே தேடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கணக்கு இது, வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு நிதித் தொகையும் அலுவலகப் பெயரும் மாறும்.

முதலில் அவருடைய வேலை எது, எது இல்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தப்பான ஆளைத் தப்பான விஷயத்துக்குத் திட்டிக்கொண்டிருப்போம். தெருவிளக்கு, குப்பை, உள்தெருச் சாக்கடை எல்லாம் உள்ளாட்சி, அதாவது கவுன்சிலர் அல்லது ஊராட்சித் தலைவர் பாடு. ரயில்வே மேம்பாலத்துக்கு எம்.பி.யும் வேண்டும். தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதி, 39 மக்களவைத் தொகுதி, ஆறு ஆறாக வகுத்தால் சரியாக வரும், அதனால் உங்கள் எம்.எல்.ஏ.வோடு சேர்த்து ஆறு பேருடைய தொகுதிகள் ஒரே எம்.பி.க்குக் கீழ் இருக்கும். எம்.எல்.ஏ.வுக்குத் தாசில்தாரையோ இன்ஸ்பெக்டரையோ "இதைச் செய்" என்று உத்தரவு போடும் சட்ட அதிகாரம் கிடையாது. போன் போட்டுச் சொல்வார், நடக்கும் அல்லது நடக்காது, அது செல்வாக்கு. சட்டப்படி அவருடைய வேலை நான்கு: சட்டம் இயற்றுவதில் பங்கு, அரசின் வரவு செலவுக்கு ஒப்புதல், அமைச்சர்களைக் கேள்வி கேட்பது, சட்டமன்றக் குழுக்களில் உட்கார்ந்து கணக்கு வழக்குகளைப் பார்ப்பது. இதற்கு மேல் தொகுதி மேம்பாட்டு நிதி. இதில் பலகை மாட்ட முடிவது கடைசி ஒன்றுக்குத்தான், மற்ற நான்கையும் நாம்தான் தேடிப் போக வேண்டும்.

வேட்புமனுவிலிருந்து தொடங்குங்கள். தேர்தலில் நிற்கும் எவரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுத்தாக வேண்டும். 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு வந்த ஏற்பாடு இது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஸ்கேன் செய்து போட்டிருப்பார்கள். எல்லாரும் நேராக மொத்தச் சொத்து மதிப்பைப் பார்த்துவிட்டு "அம்மாடி" என்று மூடிவிடுகிறார்கள். மொத்தத் தொகையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. நிலத்தின் சந்தை விலை ஏறினாலே அது இரண்டு மடங்காகிவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது அசையாச் சொத்துப் பகுதி. ஒவ்வொரு நிலத்துக்கும் வீட்டுக்கும் பரம்பரையாக வந்ததா, தானே வாங்கியதா, வாங்கியதென்றால் எந்தத் தேதி, என்ன விலை என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். அந்தத் தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவர் பதவியில் இருந்த வருடங்களைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அப்புறம், கடைசி ஐந்து வருட வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் அதே பத்திரத்தில் மேலேயே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதைக் கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் பார்க்கலாம். இரண்டு முறை நின்றவர் என்றால் பழைய பத்திரத்தையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். போன தடவை இருந்த ஒரு காலிமனை இந்தத் தடவை காணாமல் போயிருந்தால், அல்லது மனைவி பேருக்கு மாறியிருந்தால், அங்கே ஒரு கேள்வி இருக்கிறது. கேள்விதான், குற்றச்சாட்டு இல்லை. விற்றிருக்கலாம்.

வழக்குகள் பகுதியையும் இப்படியே நிதானமாகப் படிக்க வேண்டும். ஆர்ப்பாட்டம் செய்ததற்கு, தடையை மீறிக் கூடியதற்கு என்று அரசியல்வாதிகள் மேல் பத்து வழக்கு இருப்பது சாதாரணம். எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பிரிவுகளைப் பாருங்கள். இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை வந்தால் பதவி போய்விடும், 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன லில்லி தாமஸ் தீர்ப்புக்குப் பிறகு மேல்முறையீடு செய்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்திருக்கவும் முடியாது. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே 2014 செப்டம்பரில் அப்படித்தான் உறுப்பினர் பதவியை இழந்தார்.

பத்திரத்தை ஆள் பிடிக்க மட்டும் படிக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். மதுரை கிழக்கில் 2001-லும் 2006-லும் ஜெயித்து இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்த நன்மாறன், 2021-ல் அரசு வீடு கேட்டு மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நின்றார். அதே வருடம் காலமானார். ஒரு மனிதர் பதவிக்குள் போனதும் வெளியே வந்ததும் ஒரே மாதிரி என்பதையும் இந்தக் கட்டங்கள்தான் சொல்லும். ஆனால் எளிமையாக இருப்பது தனி, வேலை பார்ப்பது தனி. குடிசையில் இருக்கிறார் என்பதற்காக மார்க் போடுவதும் பெரிய கார் வைத்திருக்கிறார் என்பதற்காகக் கழிப்பதும் சோம்பேறித்தனம்.

சரி, பணத்துக்கு வருவோம். தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அவர் கையில் ஒரு ரூபாய்கூட வராது. இன்ன ஊரில் இன்ன வேலை என்று அவர் பரிந்துரை எழுதுவார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி கொடுப்பார், ஊரக வளர்ச்சித் துறையோ நகராட்சியோ செய்து முடிக்கும். அதனால் "அவர் காசுல கட்டினாரு" என்பதும் தப்பு, "மூணு கோடியையும் சாப்பிட்டுட்டாரு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தப்பு. யார் என்ன எழுதினார், எது எப்போது முடிந்தது என்பதற்குக் கோப்பு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம்.

கேட்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில். வெள்ளைத்தாள், 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்), பதிவுத் தபால் போதும். "பொதுத் தகவல் அலுவலர், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை" என்று போட்டு உங்கள் மாவட்டத் தலைநகரின் பெயரை எழுதுங்கள். சென்னைக்காரர்கள் மாநகராட்சிக்கு எழுத வேண்டும். அலுவலகம் மாறிப் போனாலும் கவலையில்லை, ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் 6(3) சொல்கிறது. முதல் தடவை நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்ய வேண்டாம். "எங்கள் பகுதிக்கு ஏன் எந்தப் பணியும் ஒதுக்கப்படவில்லை?" என்று கேட்டேன். கோபத்தில் எழுதியது. "தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது, எரிச்சலாக இருந்தாலும் அவர்கள் சொன்னது சரிதான், ஏன் எதற்கு என்று விளக்கம் கேட்டால் தரக் கடமையில்லை, இருக்கிற ஆவணத்தைக் கேட்டால்தான் தர வேண்டும். இரண்டாம் தடவை இப்படி எழுதினேன்:

"இன்ன சட்டமன்றத் தொகுதியில் இன்ன நிதியாண்டு முதல் இன்ன நிதியாண்டு வரை சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட பணிகளின் பட்டியல் நகல் வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் பணியின் பெயர், அமைவிடம், மதிப்பீட்டுத் தொகை, நிர்வாக அனுமதி எண்ணும் நாளும், செலவான தொகை, பணி முடிந்த நாள் ஆகியவை இருத்தல் வேண்டும்."

அவ்வளவுதான். திட்டும் வேண்டாம், தொழுதலும் வேண்டாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுதுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். எனக்கு முதல் மேல்முறையீட்டிலேயே வந்துவிட்டது. பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினேன்.

பட்டியல் வந்ததும் செய்யும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. தேர்தல் முடிவில் படிவம் 20 என்று ஒன்று உண்டு, வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்ற அட்டவணை. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். அந்த அட்டவணையையும் பணிப் பட்டியலையும் ஊர் வாரியாகப் பக்கத்தில் வையுங்கள். ஓட்டு விழுந்த ஊருக்கே சமுதாயக்கூடமும் சிமென்ட் ரோடும் போயிருக்கிறதா, விழாத ஊருக்கும் ஏதாவது போயிருக்கிறதா என்று தெரியும். அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள், பெரிய ஊருக்கு ஓட்டும் அதிகம், வேலையும் அதிகம், அது இயல்பு. ஆனால் ஐந்து வருடமும் ஒரு காலனிப் பக்கம் மட்டும் ஒரு செங்கல்கூட விழவில்லை என்றால் அது தற்செயல் என்று நான் நம்ப மாட்டேன். இன்னொன்று, 2020-21 பட்டியல் மெலிந்திருந்தால் அவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். கொரோனா வேலைகளுக்காக இந்த நிதியிலிருந்து தொகுதிக்கு 1 கோடி எடுத்தார்கள்.

இதோடு சேர்த்து இன்னொரு காகிதத்தையும் கேளுங்கள், பலருக்கு அது நினைவிலேயே இல்லை. 2022 ஆகஸ்டில் "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" திட்டத்துக்காக, தொகுதியில் நிறைவேற்ற வேண்டிய முக்கியமான 10 கோரிக்கைகளை ஆட்சியரிடம் கொடுக்கும்படி 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் முதலமைச்சர் கடிதம் எழுதினார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாருக்கும்தான். அந்தப் பத்தில் உங்கள் ஆள் எதை எழுதினார், எதை விட்டார் என்று பாருங்கள். ஒரு மனிதர் தன் தொகுதியை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார் என்று காட்டுவதில் மேடைப் பேச்சைவிட அந்த ஒரு பக்கம் மேல். ஆஸ்பத்திரிக்கு டாக்டர் இல்லாத ஊரில் முதல் கோரிக்கையாக நுழைவு வளைவு எழுதியவர் என்றால் மேலே படிக்கவே வேண்டாம்.

இனி அவைக்குள் போவோம். இதுதான் அவருடைய உண்மையான வேலையிடம், நாம் கொஞ்சமும் பார்க்காத இடமும் இதுதான். அவை கூடும் நாள்கள் வருடத்துக்குக் கொஞ்சம்தான், அதனால் தேடுவது மலைப்பான காரியம் இல்லை. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கினார்கள், அவை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சிலும் வருகின்றன. குறிப்பிட்ட உறுப்பினர் கேட்ட வினாக்களின் பட்டியலையும் அவருடைய வருகை நாள்களையும் சட்டமன்றப் பேரவைச் செயலகத்துக்கு முன்சொன்ன மாதிரி எழுதிக் கேட்கலாம்.

எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நூறு கேள்வி கேட்டவர் பெரிய ஆள் என்று பத்திரிகைகள் சில சமயம் பட்டியல் போடும். கேள்வியைப் படித்துப் பாருங்கள். "எனது தொகுதியில் இன்ன ஊரில் துணை மின்நிலையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?" என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அமைச்சர் எழுந்து "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்பார். பல பேர் அங்கேயே நன்றி சொல்லி, தலைவரைப் புகழ்ந்து ஒரு நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். விஷயம் தெரிந்தவர் உட்கார மாட்டார். துணை வினா போடுவார்: "அந்த ஊரில் மின் அழுத்தக் குறைவால் மோட்டார் கருகுவதாக வாரியத்திடமே மனுக்கள் இருக்கின்றன, இடமும் வருவாய்த்துறையிடம் தயாராக இருக்கிறது, இந்த நிதியாண்டிலேயே எடுப்பீர்களா?" இப்போது அமைச்சர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும், அல்லது மழுப்ப வேண்டும். மழுப்பினாலும் அது குறிப்பில் ஏறிவிடும். "ஆராயப்படும்", "முன்னுரிமை அடிப்படையில்", "இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு எடை, கடைசியில் சொன்னதை வாங்கி வருபவர்தான் வேலைக்காரர். அமைச்சர்கள் அவையில் கொடுக்கும் வாக்குறுதிகளைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒரு சட்டமன்றக் குழுவே இருக்கிறது. உங்கள் ஊர் விஷயத்தில் அப்படி ஒரு வாக்குறுதி விழுந்திருந்தால் தேதியோடு குறித்து வையுங்கள், ஒரு வருடம் கழித்து மனு எழுதும்போது அந்தத் தேதிதான் ஆயுதம்.

பழைய உதாரணம் ஒன்று. 1957-ல் குளித்தலையில் ஜெயித்து முதன்முதலாக அவைக்குள் போன கருணாநிதி, கன்னிப் பேச்சில் எடுத்தது நங்கவரம் விவசாயிகள் பிரச்சினை. உலக விஷயம் பேச எல்லாருக்கும் ஆசை வரும் அந்த முதல் நாளில், தன் தொகுதியிலிருக்கும் ஓர் ஊரின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார். கட்சி எதுவாக இருந்தாலும் உங்கள் எம்.எல்.ஏ.வின் முதல் பேச்சைத் தேடிப் படியுங்கள், அதில் ஊர்ப்பெயர் எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். விளையாட்டாகத் தோன்றும், ஆனால் நான் பார்த்த வரை இது பொய் சொல்வதில்லை.

சில கணக்குகளைப் போடவே கூடாது. உங்கள் எம்.எல்.ஏ. அமைச்சரானால் கேள்வி கேட்க மாட்டார், பதில்தான் சொல்வார், சபாநாயகரும் அப்படியே. அவர்களுக்குக் கேள்வி எண்ணிக்கை பூஜ்யம் என்று போஸ்டர் ஒட்டுவது அறியாமை. "அந்த மசோதாவுக்கு ஏன் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை" என்பதும் பாதிக் கேள்விதான். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா, அதாவது எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் அவையில் சொல்பவர், போடும் உத்தரவை மீறினால் பதவிக்கே ஆபத்து. கட்சித் தலைமையை எதிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 செப்டம்பர் சாட்சி. முதலமைச்சர் மேல் நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேரை சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார், 2019 இடைத்தேர்தல் வரை, ஒன்றரை வருடத்துக்கு மேல், அந்தத் தொகுதிகளுக்கு எம்.எல்.ஏ.வே இல்லை. அதனால் ஓட்டைப் பார்ப்பதைவிட ஓட்டெடுப்புக்கு முன்னால் விவாதத்தில் என்ன பேசினார் என்று பார்ப்பது நியாயம்.

இன்னொரு கணக்கும் ஐந்து வருடத்துக்குள் அடங்காது. முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சென்னை சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டு வெளியே வந்துவிட்டார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1947-ல். அவருடைய பதவிக்காலத்தை மட்டும் எடுத்துக் கட்டம் போட்டிருந்தால் தேவதாசி ஒழிப்புக்கு எதிரே "முடிந்த பணி" கட்டத்தில் கோடுதான் இழுத்திருப்போம். எதையோ ஒன்றைத் தொடங்கி வைத்துவிட்டுப் போனவரா என்று பார்க்க ஒரு தனிக் கட்டம் விடுங்கள்.

எல்லாம் பார்த்து முடித்த பிறகு ஒரு வேலை நடக்க வேண்டும் என்றால்? எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போங்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பக்க மனு, ஒரே விஷயம், சர்வே எண் அல்லது தெருப்பெயர், இதற்கு முன் யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்ற விவரம், இரண்டு நகல். ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே உங்களிடம் பேசப் போவது பெரும்பாலும் உதவியாளர்தான், அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள், ஐந்து வருடமும் போனை எடுப்பவர் அவரே.

அங்கே நடக்கவில்லை என்றால் பலருக்குத் தெரியாத ஒரு கதவு இருக்கிறது, சட்டமன்ற மனுக்கள் குழு. இது மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்கு வரும், வருவதற்கு முன் செய்தித்தாளில் அறிவிப்பு வரும். பல வருடமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலை, கடன், இடமாறுதல் என்று தனிநபர் விஷயம் எடுக்க மாட்டார்கள், நீதிமன்றத்தில் இருக்கும் விஷயமும் ஆகாது. தமிழில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, ஐந்து நகல் அனுப்பச் சொல்வார்கள். குழு மனுவை எடுத்துக்கொண்டால் அதிகாரிகள் பதிலோடு வந்து உட்கார வேண்டும். எங்கள் ஊர்க் கால்வாய்ப் பாலம் இப்படித்தான் கோப்பிலிருந்து வெளியே வந்தது, கட்டி முடிக்க மேலும் இரண்டு வருடம் ஆனது என்பது வேறு கதை.

கடைசியாக ஒரு சின்னக் காரியம். அடுத்த தேர்தலில் வேட்புமனுத் தாக்கல் தொடங்கியதும் உங்கள் தொகுதியில் ஜெயிக்க வாய்ப்புள்ள மூன்று நான்கு பேரின் பிரமாணப் பத்திரங்களையும் உடனே இறக்கி, வருடமும் தொகுதியும் கோப்பின் பெயரிலேயே போட்டு, மெயிலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். தோற்றவருடையதையும் சேர்த்துத்தான், அவர் அடுத்த தடவை வருவார்.